சின்னப் பெட்டியும் பெரிய ஹெட்போனும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

காய்ந்த தேயிலைத் தூளை ஒரு தகர டின்னுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். சொல்லாகவும் ஆகாமல், ஓசையாகவும் அடங்காமல், "கரகர"வென்று ஒன்று கேட்கும். என் தாயாரின் குரல் என் தகப்பனாருக்கு ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது. அந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி, எனக்குத் தெரிந்த தமிழில், இயன்றவரை ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, ரயில் வளைந்து போவது அடுப்படியிலிருந்தே தெரிகிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஒரே தகரக் கூரையின் கீழ், வீட்டுக்கு ஓர் அறை என்று பன்னிரண்டு காம்பராக்கள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே எழுப்பியிருந்த சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிட்டதால், ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் "நூறு" என்பார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் "இஸ்டோர்" என்று சொல்லுகிற இடத்தில், கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். பதினாறு வயதில் அந்த இரைச்சலுக்குள் புகுந்தவர். நான் பிறக்கும்போதே அவருக்கு வலது காது மந்தம் என்று சொல்லுவார்கள். மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் அம்மாவிடம் "உப்பு கொறச்சலா இருக்கு" என்று தனியாகச் சொன்னால் கடைசிக் காம்பராக்காரர்களுக்கும் அது தெரிந்துவிடும். "இஸ்டோர்க்காரரு வீட்டு ரகசியத்துக்குத் தண்டோரா வேணாம்" என்று பக்கத்துக் காம்பரா சன்னாசி மாமா கேலி செய்வார்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கென்று கையெழுத்துப் போட்டுப் போனார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகவே அங்கே யாரோ ஒருத்தர் எழுத, இங்கே தோட்டத்து ஆபீஸ் வழியாக வரும் கடிதத்தை யாரோ ஒருத்தர் வாசிக்க, புருஷன் பெண்சாதி இருவருக்கும் நடுவே எப்போதும் இரண்டு அந்நியர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் "கசெட்" வந்தது. அங்கிருந்து லீவில் வருகிறவர்களின் கையில் அம்மா பேசிப் பதிந்த கசெட் ஒன்று வரும். அதைக் கேட்டு முடித்ததும் அதே கசெட்டிலேயே எங்கள் பதிலைப் பதிந்து, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நல்ல கசெட் அங்கேதான் கிடைத்தது. கொண்டுபோகிறவர்களும் வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் வாங்கமாட்டார்கள். எங்கள் குரல் ஏறும்போது அம்மாவின் குரல் அழியும், அம்மாவின் குரல் ஏறும்போது எங்கள் குரல் அழியும் என்பதைப் பற்றி அந்நாளில் யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் வந்த கசெட்களைச் சன்னாசி மாமாவின் ரேடியோவில் போட்டுக் கேட்டோம். லயம் முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிடும். அம்மாவுக்கு அது தெரியும். ஆதலால் கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரியே பேசுவார். "மூணாம் காம்பரா பெரியம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று ரேடியோ கேட்க, பெரியம்மா ரேடியோவைப் பார்த்து, "அப்படியேதான் இருக்கு தாயி, ராவுல தூக்கமில்ல" என்று பதில் சொல்லுவார். பதில் சொல்லி முடிப்பதற்குள் ரேடியோ அடுத்த வீட்டுக்குப் போய்விடும். "நான் பேசி முடிக்கல, அதுக்குள்ள எங்க ஓடுறா?" என்று பெரியம்மா கோபித்துக்கொள்வார். அப்பா ஒரு மூலையில் சாக்கில் உட்கார்ந்து, கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். அவருக்கென்று அதில் ஒரு சொல்லும் இருக்காது. ஊரே கேட்கையில் அம்மா எதைச் சொல்லுவார்?

ஒன்றரை வருஷம் கழிந்த பிறகு மேரி அக்கா வந்தார். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷன்காரர், வேதக்காரக் குடும்பம், அம்மா இருந்த நகரத்திலேயே வேறொரு வீட்டில் வேலை செய்தவர். நாலு வாரம் லீவில் வந்திருந்த அவர் ஒரு ஞாயிறு காலையில் எங்கள் காம்பராவுக்கு ஏறி வந்து, வாசனைச் சவர்க்காரம் மணக்கும் ஒரு பார்சலைப் பாயில் வைத்தார். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. "வோக்மன்" என்று மேரி அக்கா பெயர் சொன்னார். கசெட்டைப் போட்டுக் கேட்கவும் செய்யலாம், சிவப்பு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பேசிப் பதியவும் செய்யலாம். விரல் பருமனில் இரண்டு "பென்டோர்ச் பற்றரி" போதும். அதனோடு, மெல்லிய தகட்டு வளையத்தில் செம்மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த ஒரு சின்ன ஹெட்போன்.

"இத லயத்துல போட்டுக் காட்டாதீங்க மாமா. காதுல மாட்டிக்கிட்டு நீங்க மட்டும் கேக்கத்தான் அக்கா இத வாங்கிக் குடுத்திச்சு," என்றார் மேரி அக்கா. அப்பா "ஆங்?" என்றார். மேரி அக்கா இன்னும் உரக்கச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அதுவும் எங்களுக்குக் கேட்டிருச்சு மேரி!" என்று சன்னாசி மாமாவின் குரல் வந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது, தங்கைக்கு ஆறு. ஹெட்போன் ஒன்றுதான் என்பதால் அவளும் நானும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு பஞ்சை ஒரு காதில் வைத்துக் கேட்டோம். பஞ்சுக்குள் இருந்து அம்மா பேசினார். ரேடியோவில் கேட்ட கூட்டத்துக் குரல் அல்ல அது. தலை வாரிவிடும்போது பேசுகிற குரல். தங்கையின் பல் விழுந்ததா என்று கேட்டார். நான் சமைக்கும்போது சேலைத் துண்டால் சட்டியைப் பிடிக்கக் கூடாது என்றார். முதல் பக்கம் முடிகிற இடத்தில் இப்படிச் சொன்னார்: "பாப்பா, அடுத்த பக்கம் அப்பாவுக்கு. நீங்க யாரும் கேக்கக் கூடாது. அப்பாகிட்ட முக்கியமா ஒண்ணு கேட்டிருக்கேன். மேரி திரும்பி வரயில பதில் கண்டிப்பா வந்தாகணும்."

அப்பா மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, சின்ன ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கழற்றிவிட்டார்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது. தூரத்துல கேக்குது. எதிர் மலையில கொழுந்து எடுக்கிறவ பேசுறாப்புல இருக்கு. இத இப்படிக் கேக்கக் கூடாது பாப்பா. நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு, நிதானமாக் கேக்கணும்."

அந்தச் சின்ன ஹெட்போனில் சொல் தெளிவாகத்தான் இருந்தது. ஓசை மட்டுமே குறைவு. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை பொறுமையாகக் கேட்டிருந்தால் அப்பாவுக்கு முழுவதும் விளங்கியிருக்கும். இதை இன்றைக்கு நான் அறிவேன். அன்றைக்கு அப்பா கேட்க விரும்பியது செய்தியை மட்டும் அல்ல. ஒன்றரை வருஷமாக ஊராரோடு பங்குபோட்டுக்கொண்ட குரலைப் பக்கத்தில் இருந்து கேட்க விரும்பினார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் ரயிலேறி ஹட்டனுக்குப் போனோம். எங்கள் கோவாத் தோட்டத்தில் வெட்டிய ஐந்து கோவாக்கள், முட்டைக்கோஸ் என்பார்களே அது, ஒரு பையில் இருந்தன. மார்க்கெட்டுக்குப் போகிற இறக்கத்தில் ஒரு ரேடியோக் கடை. அதன் கண்ணாடி அலுமாரிக்குள் கறுப்பு நிறத்தில், தேங்காய்ச் சிரட்டை அளவு மூடிகள் வைத்த ஒரு பெரிய ஹெட்போன் தொங்கியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அப்பாவுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. இஸ்டோரில் பழகிய மனிதர் அவர். பெரிய ரோலரில் கொழுந்து கூட அரைபடும், பெரிய மோட்டருக்கு வலு கூட, பெரிய மணி அடித்தால் கடைசி லயத்துக்கும் கேட்கும். பெரிய ஹெட்போனில் பெரிய சத்தம் வராமல் வேறென்ன வரும்? அவர் மட்டுமல்ல, எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

கடைக்காரர் அதை எடுத்து, தம்முடைய மேசைமேல் இருந்த, வீட்டுக் கரண்டில் ஓடும் பெரிய "செட்"டில் செருகி, அப்பாவின் காதில் மாட்டி, ஏதோ ஒரு பாட்டின் இசைத்தட்டைச் சுழலவிட்டார். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தூங்கி எழுந்த குழந்தை சன்னல் பக்கம் திரும்புமே, அப்படி ஒரு திரும்பல். பிறகு கடை முழுவதும் அதிரும்படி, "பாப்பா! தபேலா கேக்குது பாப்பா!" என்று கத்தினார். சாமான் வாங்க நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, "ஐயாவுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குதுங்க," என்றார். சின்ன ஹெட்போனையும் கோவாப் பையையும் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கிக்கொண்டோம். எங்கள் நீலப் பெட்டியில் செருகிப் பார்க்கவேண்டும் என்று கடைக்காரருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பெட்டியை வீட்டிலேயே துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு அப்பா அதை மாட்டினார். சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி இருந்தார். பட்டனை அழுத்தினார். காத்திருந்தார். சத்தத்தைக் கூட்டும் சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் தள்ளினார். மறுபடி தள்ளினார். கடைசிவரை தள்ளினார். அவருடைய புருவம் சுருங்கியது. கழற்றி என்னிடம் நீட்டினார். முதல் பக்கத்தைப் போட்டு நான் கேட்டேன். நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் "கரகர"தான். அம்மா பேசுவதன் ஏற்ற இறக்கம் தெரிந்தது. சொல்லின் விளிம்பெல்லாம் பிய்ந்துபோயிருந்தது. சக்கரத்தைப் பாதிக்குக் குறைத்தேன். குரல் உடனே தெளிந்தது, ஆனால் எறும்பு பேசுகிற அளவுக்குச் சிறுத்தது. எனக்கு அது போதும். அப்பாவுக்கு அந்த அளவில் ஒன்றுமே இல்லை. கூட்டினால் கிழியும், குறைத்தால் மறையும். நடுவில் அவருக்கென்று ஓர் இடம் அந்தச் சக்கரத்தில் இருக்கவில்லை.

புதுப் பற்றரி போட்டோம். முதல் நாள் சற்றுத் தேவலை, மறுநாள் பழையபடி. சன்னாசி மாமா, கிரிக்கெட் கேட்கத் தாம் வைத்திருந்த ஒற்றைக் காதுக் குழாயைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தார். அதன் முனை எங்கள் பெட்டிக்குப் பொருந்தவில்லை, எங்கள் ஹெட்போனின் முனையும் அவர் ரேடியோவுக்குப் பொருந்தவில்லை. தீக்குச்சி முறித்து முட்டுக் கொடுத்தார். ஒரு தடவை "டொப்"பென்றது, அவ்வளவுதான்.

"அக்கா பேசுனது எங்கேயோ மாட்டிக்கிச்சு மச்சான். எங்க ரேடியோவுலயே போடுங்க. நாங்க எல்லாரும் காதப் பொத்திக்கிறோம்," என்றார்.

"ஒன் பொண்டாட்டி வாயையும் பொத்துவியா?" என்றார் அப்பா.

சன்னாசி மாமாவின் மனைவி சுவருக்கு மேலாக ஒரு கரண்டியை எறிந்தார். அது எங்கள் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

வியாழக்கிழமை அப்பா இஸ்டோருக்குப் போன பிறகு, நான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, பெரிய ஹெட்போனை மாட்டி, சக்கரத்தைக் குறைத்து வைத்துப் பட்டனை அழுத்தினேன். கொஞ்ச நேரம் காற்று இரைந்தது. பிறகு, நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில், என் தாயார், "என்னங்க... கேக்குதா ஒங்களுக்கு?" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன். அது எனக்குரிய குரல் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி வைத்துவிட்டு, அடுப்புக்கு விறகு உடைக்கப் போய்விட்டேன். கீழ்ப்படிந்த பிள்ளை என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஒரு கீழ்ப்படிதலுக்காக நான் இன்றளவும் வருந்துகிறேன்.

மூன்றாம் ஞாயிறு மறுபடியும் ஹட்டன். இந்தத் தடவை பெட்டியையும் கொண்டுபோயிருந்தோம். கடைக்காரர் பெரிய ஹெட்போனைத் திருப்பி, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஓர் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். அறுநூறு ஓம்ஸ்.

"இது பெரிய செட்டுக்குச் செஞ்சதுங்க. உள்ளுக்கு மயிரு மாதிரி கம்பி, நூத்துக்கணக்குல சுத்து. அதத் தள்ளிக்கிட்டுப் போகத் தெம்பு வேணும். நீங்க கொண்டாந்த சின்னதுல முப்பதோ என்னமோ போட்டிருக்கும். அதுதான் இந்தப் பெட்டிக்குச் சரி. ரெண்டு பென்டோர்ச் பற்றரி வச்ச பெட்டி இதுக்கு எங்க போகும்? நீங்க திருகத் திருக அது முக்குது. முக்கினாக் கொரல் கிழியத்தான் செய்யும்."

"அப்ப கடையில நல்லாக் கேட்டுச்சே?" என்றேன் நான்.

"கடையில மாட்டினது என் செட்டுலதானே பாப்பா. அது இசைத்தட்டுப் போடுறது, கசெட் போடாது."

"அப்ப எங்க சின்னதத் திருப்பிக் குடுத்திருங்க."

"அது புதங்கிழமையே போயிருச்சு. கொழும்புலருந்து அந்த மாதிரி வந்தா ஒங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன். ரெண்டு வாரம் செல்லும்."

அப்பா எங்கள் இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன பாப்பா சொல்றாரு?" என்று கேட்டார். கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் நடுவில் அதை எப்படிக் கத்திச் சொல்லுவது என்று தெரியாமல், "ரெண்டு வாரம் ஆகுமாம்ப்பா," என்று மட்டும் சொன்னேன். மேரி அக்கா போவதற்கு எட்டு நாளே இருந்தது. ரயிலில் திரும்பும்போது அப்பா அந்தப் பெரிய ஹெட்போனை மடியில் வைத்து, மூடிகளின் தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். கொட்டகலை ஸ்டேஷன் வரும்போது நான் அவர் காதருகே வாயை வைத்து, "அப்பா, நான் கேட்டு ஒங்களுக்குச் சொல்லட்டுமா?" என்றேன்.

"ஒங்கம்மா எனக்குன்னு பேசினத நீ கேக்கலாமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டது போலத்தான் சொன்னார். எனக்கு வியாழக்கிழமை நினைவு வந்தது, தலையைக் குனிந்துகொண்டேன்.

நாலாம் ஞாயிறு மத்தியானம் அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னாலுள்ள கோவாத் தோட்டத்துக்குப் போனார். வரப்பில் உட்கார்ந்து, பெட்டியைப் பக்கத்தில் மண்ணில் வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். முழு லயமும் அவரைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தது. "கோவாவுக்கு மந்திரம் ஓதுறாரு," என்று சன்னாசி மாமா சொல்ல, மூணாம் காம்பரா பெரியம்மா, "சும்மா இருடா, பொண்டாட்டி பேச்சு கேக்குறான்," என்று அதட்டினார்.

அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறவர் போல, சரி சரி என்பது போல, இடைவெளி விட்டு விட்டு ஆட்டினார். எனக்கு மனம் குளிர்ந்தது. எப்படியோ கேட்டுவிட்டது என்று நினைத்து, வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரப்பு வழியே போனேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், பெட்டியின் பட்டன் மேலெழும்பி நின்றது. நாடா முடிந்து, பெட்டி தானாகவே நின்றுபோயிருந்தது. உள்ளே சக்கரங்கள் சுற்றவில்லை. அப்பா இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கழற்றினார். "கேட்டாச்சு," என்றார்.

"அம்மா என்னப்பா கேட்டிருக்கு?"

"அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. தேத்தண்ணியக் குடு."

கோப்பையை வாங்கி வரப்பில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். எனக்குச் சரியாக் கேக்கலன்னு ஒங்கம்மாகிட்ட எந்தக் காலத்துலயும் சொல்லாத. அங்க தனியா இருந்துக்கிட்டு அழும்," என்றார். நான் சரி என்றேன்.

மேரி அக்கா திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் போகவேண்டும்; ஞாயிறு பொழுது சாய்வதற்குள் கசெட் அவர் கைக்குப் போயாக வேண்டும். அப்பா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்த அவருடைய தடித்த விரல்களுக்கு வராது, நான்தான் அழுத்தினேன். முதல் பக்கத்தில் தங்கையும் நானும் பேசினோம். பிறகு திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலும் நான்தான் அழுத்தினேன். உள்ளே சக்கரம் சுற்றத் தொடங்கியதைப் பார்த்தேன். அந்நேரம் அம்மா "என்னங்க... கேக்குதா ஒங்களுக்கு?" என்கிற இடம் அழிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். விரலை எடுக்கவில்லை.

அப்பா இஸ்டோர்க் குரலில் பேசினார். "நான் சொகம். புள்ளைங்க சொகம். கோவா நல்லா வந்திருக்கு. நீ சொன்னதெல்லாம் கேட்டேன். நல்லாக் கேட்டுச்சு. நீ யோசிச்சுத்தான் சொல்லியிருப்ப. நீ சொன்னபடியே செய்யி. எனக்கு அதுல ஒரு மனக்கொறையும் இல்ல." போதும் என்று கையசைத்தார். பழைய பேச்சு கலந்துவிடாமல் இருக்க, எப்போதும் செய்வது போல, நாடா முடியும்வரை பதிய ஓடவிட்டு நிறுத்தினேன்.

கசெட்டை மேரி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்குமுன் தங்கை அம்மாவின் பேச்சைக் கடைசியாக ஒரு தடவை கேட்கவேண்டும் என்று அடம்பிடித்தாள். காதில் மாட்டிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா, அம்மாவக் காணோம். அப்பாதான் இருக்காரு," என்றாள்.

ஆறு மாதம் கழித்து அதே கசெட் வேறொருவர் கையில் திரும்பி வந்தது. கடைக்காரர் சொன்ன சின்ன ஹெட்போன் வரவே இல்லை. அதற்குள் அப்பாவின் இடது காதும் அநேகமாக ஓய்ந்துவிட்டது. இந்தத் தடவை அம்மா மறுபக்கத்தில் ஒன்றுமே பேசாமல் நாடாவைக் கடைசிவரை பதிய ஓடவிட்டிருந்தார்; அப்பாவின் பேச்சு அழிந்திருந்தது. முதல் பக்கத்தில் எங்களுக்கு நாலு வார்த்தை, பிறகு, "அப்பாகிட்டச் சொல்லு பாப்பா. அவரு சொன்னபடியே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேன். அவருக்கு மனக்கொறை இல்லன்னா எனக்கு என்ன."

"என்ன சொல்லுது?" என்று அப்பா கேட்டார். காதருகே சொன்னேன்; விளங்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன், என் உதடுகளையே பார்த்துக்கொண்டு, "ஆங்?" என்றார். நான் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "அம்மா இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருமாம்! நீங்க சொன்னீங்களாம்!" என்று கத்தினேன். பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சன்னாசி மாமா வீட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோயிற்று.

அப்பா நிதானமாக என்னைப் பார்த்து, "நான் எப்பச் சொன்னேன்?" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா வந்தபோது அப்பா கோவாத் தோட்டத்தில் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். அம்மா வரப்பில் நின்று, "என்னங்க," என்றார். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்பாவுக்குக் கோபம் என்று அம்மா நினைத்ததை அம்மாவின் முகத்தில் கண்டேன். நான் ஓடிப்போய் அப்பாவின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பி, அம்மாவைப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாக, "எப்ப வந்த?" என்று மலையெல்லாம் கேட்கக் கேட்டார். அம்மா சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. அதன்பின் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த இருபத்தைந்து வருஷத்திலும் அம்மாவின் குரலில் ஒரு சொல்லையும் அவர் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அவர் இருக்கும்வரை நான் மீறவில்லை. அவர் காரியம் முடிந்த மறுவாரம், அம்மாவோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெரிய ஹெட்போனைப் பற்றியும், பட்டன் எழும்பி நின்றதைப் பற்றியும், ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா சுளகை மடியில் வைத்துவிட்டார்.

"அந்த வீட்டு அம்மா இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நான் கையெழுத்துப் போடவான்னு கேட்டிருந்தேன். வேணாம், வந்திருன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னுதான் கேட்டேன்," என்றார். பிறகு சுளகிலிருந்து ஒரு நெல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "அப்ப, இருன்னு அவரு சொல்லலையா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்க எங்களுக்கு இடமில்லை. அம்மாவும் போய் இப்போது ஆறு வருஷமாகிறது.

ஐயா, அம்மையீர், இன்றைக்கு என் மகள் கொழும்பிலிருந்து எனக்கு அனுப்பியிருக்கும் காதுக் கருவிக்கு வயரே இல்லை. அவரைக் கொட்டை அளவுதான். டப்பாவைத் திறந்ததும் தானாகவே போனோடு சேர்ந்துகொண்டு, சேர்ந்துவிட்டேன் என்று ஓர் ஓசையும் எழுப்புகிறது. எது எதற்குப் பொருந்தும் என்று யாரும் எண் பார்க்கவேண்டியதில்லை. ஹட்டனில் அந்த இறக்கத்தில் இருந்த ரேடியோக் கடை இப்போது போன் கடை. இஸ்டோரின் ரோலர்கள் நின்று, கதவுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. அப்பாவின் காதை வாங்கிக்கொண்ட இரைச்சல் இப்போது யாருக்கும் கேட்பதில்லை. கோவாத் தோட்டத்தில் இன்னொருவர் வீடு கட்டியிருக்கிறார். நீலப் பெட்டி எந்தக் காலத்திலோ துருவேறிப் போயிற்று. கசெட் எங்களிடம் இருக்கிறது; அதன்மேல் பிறகு நாங்கள் பதில் பதியவே இல்லை. அதில் இருப்பது அம்மா இரண்டாம் தடவை பேசிய நாலு வார்த்தையும், வெறுமையான ஒரு மறுபக்கமும்தான். அப்பாவுக்கென்று அம்மா பேசியதில் மிஞ்சியது, வியாழக்கிழமையன்று நான் திருட்டுத்தனமாகக் கேட்ட அந்த ஒரு வரி. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கும் இப்போது காது மந்தமாகி வருகிறது.

ஆதலால் எழுதினேன். இதை எங்கேனும் ஓர் இடத்தில் வைத்திருங்கள். இதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.